மச்சான் டெஸ்மண்டுக்கு, வாத்துக் கழக வரலாறு விஷயமாக

அன்புள்ள மச்சான் டெஸ்மண்டுக்கு, ஆல்டர்ஸியிலிருந்து கிளிஃபர்ட் எழுதிக்கொண்டது. இங்கு நான், என் முழங்கால், நாய் பிராம்பிள் மூவரும் சுமாரான நலம். மெல்போர்னில் நீயும் மகள் குடும்பமும் சௌக்கியமாக இருக்க ஆண்டவர் அருளட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை. என் தங்கை மியூரியல் கண்ணை மூடிய பிறகு நீ மகளிடம் போனது நியாயம்தான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு விவரம். நம் நீர்ப்பறவை வேட்டைக் கழகத்தின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள், பழைய ஆட்களில் மிச்சம் நான்தானாம்.

ஆரம்பத்தில் சிரமமில்லை. 1908-இல் நம் ஊர்ப் பாதிரியார் சேற்றில் வயிற்றால் ஊர்ந்துபோய் வாத்துக் கூட்டத்தைச் சுட்டதும், ஒன்றுகூடப் பறக்கவில்லையே என்று மறுபடி சுட்டதும், அவை நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்காக மாவுமில்காரர் மிதக்கவிட்ட மரவாத்துகள் என்று தெரிந்ததும், அந்தச் சண்டையைத் தீர்க்கக் கூடிய கூட்டமே கழகமாகிப்போனதும், பறக்காத வாத்தைச் சுடக்கூடாது என்பது முதல் விதியானதும் ஊருக்கே மனப்பாடம். 1953 வெள்ளம் கழகக் குடிசையைத் தூக்கிக்கொண்டுபோய் மேய்ச்சல் நிலத்தில் வைத்ததையும், உள்ளே ஒரு பசு குடியேறி வெளியே வர மறுத்ததையும் எழுதினேன். அடுத்து நீ கழகத்தில் சேர்ந்த வருடம் வந்தது. அதற்கப்புறம் பேனா நிற்கவே இல்லை.

அந்தப் பனிமூட்டக் காலை ஞாபகமிருக்கிறதா? கடலோரச் சதுப்பில் நீ ஒரு ஓடையில், நான் அடுத்த ஓடையில். நான் நாமத்தலை வாத்து மாதிரி சீழ்க்கையடிக்க, ஒரு வாத்து பதில் சொல்ல, நான் நெருங்க, அதுவும் நெருங்க, கடல் ஏறி பூட்ஸுக்குள் தண்ணீர் வந்ததுகூடத் தெரியாமல் மாறி மாறிக் கூப்பிட்டு, கடைசியில் நாணலை விலக்கினால் உன் மூக்கு.

"ஏன்யா, இவ்வளவு நேரமா கூப்பிட்டது நீதானா?" என்றாய்.

"நீ அவ்வளவு ஆசையா பதில் சொன்னியே, எப்படி விடறது?" என்றேன்.

நல்லவேளை, நம் கழகத்தில் அந்த முதல் விதி இருந்தது. கூட வந்திருந்த நாய், நம் பிராம்பிளின் பாட்டி, நம் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்துபோனாள்.

இதையெல்லாம் படித்த தலைவி ஹில்டா கண்ணாடியைக் கழற்றினாள். "கிளிஃப், இது கழக வரலாறா, டெஸ்மண்ட் புராணமா? அவர் பேரை எடுத்துட்டு எழுதுங்க." எடுத்தேன். பாதிரியாரும் பசுவும்தான் மிஞ்சினார்கள்.

ஓடையில் உன் இடத்தில் இப்போது நார்மனை உட்காரவைத்திருக்கிறார்கள். தங்கமான மனிதன், குறை சொல்லக்கூடாது. ஆனால் விடியும் நேரத்தில் குழாய் ரிப்பேர் பற்றிப் பேசுகிறான். வாத்துகள் தலைக்கு மேல் வரும்போது, "இதோ வருது பாரு" என்று பக்கத்தில் திரும்புகிறேன், அங்கே அவன் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். மனசு விட்டுப்போகிறது மச்சான். இந்த சீசனில் நான் ஒரு முறைகூடத் துப்பாக்கியைத் தூக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பனிமூட்டம் எந்த வருடம், உன் கல்யாணத்துக்கு முன்னா பின்னா? அது தெரியாமல் அச்சகம் காத்துக்கிடக்கிறது. வருடத்தை மட்டும் எழுதி அனுப்பு, போதும். அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து உன் முதுகை நோகடித்துக்கொள்ள வேண்டாம்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. நீ நீண்ட நாள் திடமாக இரு.

இப்படிக்கு,
உன் மைத்துனன் கிளிஃபர்ட் திர்க்கெட்டில்

பி.கு.: வரலாற்றை ஹில்டாவே எழுதி முடித்து, போன மாதமே அச்சாகி எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. பனிமூட்டம் 1971, எனக்கு நன்றாகத் தெரியும். உன் மகளிடம் போனில் பேசினேன். "அப்பா நாள் பூரா ஜன்னலோரமே உட்கார்ந்திருக்கார் மாமா, நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். செப்டம்பர் முதல் தேதி அடுத்த சீசன் திறக்கிறது. வந்து சேர்.