ஏழாம் அறைக்காரரின் மூக்குக்கண்ணாடி

மூக்குக்கண்ணாடி தெல்மிராவின் ஏப்ரன் பைக்குள் இருந்தது. டோன் அன்செல்மோ அதைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி கிடைக்காம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!" என்று மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

தெல்மிரா ஏப்ரன் பையைக் கையால் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக எதைத் தொலைத்தாலும் வாயைத் திறக்காத மனிதர் இவர். இன்றைக்கென்று பார்த்து என்ன வந்தது? அதுவும் ஜனவரி பதினைந்தாம் தேதியன்று!

அகுவா மான்சா மலையூரில் ஜனவரிதான் கோடை விடுமுறை; பதினைந்தாம் தேதி என்றால் விடுதிக்காரர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். முதல் பதினைந்து நாள் விருந்தாளிகள் பதினோரு மணி பஸ்ஸில் மலையிறங்குவார்கள். அடுத்த பதினைந்து நாள்காரர்கள் மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நடுவில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் தெல்மிராவின் 'எல் நோகால்' விடுதியின் பன்னிரண்டு அறைகளையும் கழுவி, இருபத்திரண்டு கட்டில்களுக்கும் விரிப்பு மாற்ற வேண்டும். அன்றைக்கு யாரும் நாயைக்கூடக் கொஞ்சுவதில்லை.

அப்படிப்பட்ட நாளில் தெல்மிரா ஏன் திருடினாள்? சொல்லாமல் விட்டால் அவளைத் தப்பாக நினைப்பீர்கள்.

டோன் அன்செல்மோ ரொசாரியோ நகரத்தில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. பத்துக் கோடைகளாக ஜனவரி முதல் தேதி வந்து ஏழாம் அறையில் தங்குவார். காலையில் அடுக்களை வாசலில் நின்றபடியே தெல்மிரா கையால் இரண்டு குவளை மாத்தே மூலிகைத் தேநீர் குடிப்பார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பார். "ஆமா, ஜாஸ்திதான்" என்பாள் அவள். இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் அவள் ஐந்து மணிக்கே எழுந்து தலை வாரிக்கொள்வாள்.

முதல் வருஷம் அவர் ஒரு குடையை மறந்துவிட்டுப் போனார். விலைச்சீட்டுகூட அவிழ்க்காத புதுக்குடை. தெல்மிரா நான்கு வரி எழுதிப் பார்சலில் அனுப்பினாள். பதிலுக்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. வாயால் பேசாத மனிதர் பேனாவால் என்னமாய்ப் பேசுகிறார்! கன்னியர் மடத்துப் பியானோவுக்குள் எலி குட்டி போட்டது, அவர் தெரு மரத்தில் ஊதாப்பூ கொட்டுவது, ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்ப நீளமாக இருப்பது. மடிப்புக் கிழியும்வரை அந்தக் கடிதத்தை அவள் படித்தாள். விருந்தாளி யாருமில்லாத ஜூன், ஜூலைக் குளிரை அதை வைத்துத்தான் ஓட்டினாள்.

மறுவருஷம் பாவி மனிதர் எதையும் மறக்கவில்லை. அவள் என்ன செய்வாள்? அவர் பெட்டிக்கு வார் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய கம்பளி மஃப்ளரை உருவி மாவு டின்னுக்குள் ஒளித்துவிட்டாள். கொதிக்கிற ஜனவரியில் கம்பளி மஃப்ளர் எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. நான்கு வரி போனது, இரண்டு பக்கம் வந்தது. அப்புறம் ஒற்றைச் செருப்பு, ஷேவிங் பிரஷ், சதுரங்கக் குதிரை என்று வருஷத்துக்கு ஒன்று.

இந்த வருஷம்தான் தலையில் இடி விழுந்தது. முந்தாநாள் இரவுச் சாப்பாட்டில் அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரொசாரியோ வீட்டைக் காலி பண்றேன். தெற்கே பொண்ணு வீட்டோட போயிடறேன். இனிமே இவ்வளவு தூரம் வர்றது கஷ்டம்தான்."

புது முகவரி? கேட்க வாய் வரவில்லை. விதவையான விடுதிக்காரி ஒரு விருந்தாளியிடம் முகவரி கேட்டால், மறுநாளே ஊரில் கல்யாணத் தேதி கேட்பார்கள். அதனால் யோசித்து, இல்லாமல் முடியாத ஒன்றை எடுத்தாள். கண்ணாடி இல்லாத மனிதர் தானாகவே கடிதம் போட்டுத்தானே ஆக வேண்டும்? உறையின் பின்னால் முகவரி இருக்குமே!

கண்ணாடி அவருக்கு இந்த வருஷம்தான் வந்திருந்தது. ஜாம் பாட்டில் பக்கத்தில், மாடிப்படிக் கைப்பிடியில், தெல்மிராவின் பதிவேட்டின் மேல் என்று போகிற இடமெல்லாம் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். 'என்னை எடுத்துக்கோ' என்று அது கூப்பிடாத குறை.

"திருட்டுதான்!" என்றாள் மூன்றாம் அறை எதெல்வினா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. அவள் சாந்தா ஃபே நகரத்து மருந்துக்கடைக்காரரின் அக்கா. பதினாறு கோடைகளாக வருகிறவள். அவள் வாய்க்கு மட்டும் விடுமுறை கிடையாது. "போன வருஷம் சதுரங்கக் குதிரை. அதுக்கு முந்தி பிரஷ். எல்லாம் ஏழாம் நம்பர் ரூம்லேயே காணாமப் போகுது. அந்த ரூமைப் பெருக்கறது யாரு?"

எல்லோரும் திரும்பினார்கள். விரிப்புகளை மார்பளவு சுமந்துகொண்டு நின்ற வேலைக்காரி நில்டா அத்தனையையும் தொப்பென்று கீழே போட்டாள்.

"என்னையா சொல்றீங்க? பதினோரு வருஷமா நீங்க தலைமாட்டுல வெச்சிட்டுத் தூங்கற பல்செட்டைக்கூட நான் தொட்டதில்லை!"

எதெல்வினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சென்யோரா," என்று நில்டா தெல்மிராவிடம் திரும்பினாள். "என் பெட்டியைச் சோதிங்க. சோதிச்ச கையோட நானும் பதினோரு மணி பஸ்ல கிளம்பறேன். இருபத்திரண்டு கட்டிலுக்கும் இந்தம்மாவே விரிப்பு மாத்தட்டும்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? தெல்மிரா விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "யாரும் எங்கேயும் போக வேண்டாம். ரூம்லதான் எங்கேயாவது விழுந்திருக்கும். நான் பார்த்துட்டு வரேன்."

ஏழாம் அறையில் அவர் பெட்டி வார் கட்டித் தயாராக நின்றது. அறையெங்கும் அவருடைய சோப்பு வாசனை. இந்த வாசனை இன்னும் இரண்டு நாள் இருக்கும், அப்புறம் ஜன்மத்துக்கும் கிடையாது என்று நினைத்ததும் அவள் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். போதும் அழுகை, வேலையைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டு, குனிந்து கண்ணாடியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

வாசலில் நில்டாவின் குரல். "உள்ளே வந்து பாருங்கம்மா, எதெல்வினாம்மா! அரை மணிக்கு முன்னாடி உங்க கண்ணெதிரேதானே கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன்? ஒரு தூசி இருந்துதா? இனிமே இங்கே கண்ணாடி கிடைச்சா, நான் கொண்டுவந்து போட்டேன்னுதானே சொல்லுவீங்க?"

தெல்மிரா கையை மறுபடி உள்ளே விட்டு, கண்ணாடியைத் துழாவிப் பிடித்து, ரவிக்கைக்குள் செருகினாள்.

"என்ன சென்யோரா, தரையில?"

"முதுகு... பிடிச்சிக்கிச்சு."

இருவரும் சண்டையை மறந்து ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். எதெல்வினா தன் தைலத்தைக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்று அலற அலற முதுகு பூராவும் தேய்த்தாள். கண்ணாடியின் கம்பி தெல்மிராவின் விலாவைக் குத்திக் குடைந்தது. "ரொம்ப வலிக்குதா?" என்றாள் எதெல்வினா. "ரொம்ப" என்றாள் தெல்மிரா. அது மட்டும் உண்மை.

மணி பத்தரை. அடுத்து முற்றத்து வால்நட் மரத்தடி பெஞ்சுக்கு ஓடினாள். அங்கே கிடந்த அவருடைய செய்தித்தாளின் மேல் கண்ணாடியை வைத்துவிட்டு, "டோன் அன்செல்மோ!" என்று கூப்பிட வாயெடுத்தாள்.

கர்னல் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. கர்னல் என்பது விடுதி நாய். மூன்று வருஷமாக நிழலை விட்டு எழுந்திராத தடியன் அது. அதற்கும் இன்றைக்குத்தானா சுறுசுறுப்பு வர வேண்டும்?

முதுகு பிடித்திருந்த தெல்மிரா முற்றத்தைச் சுற்றி நாலு கால் பாய்ச்சலில் ஓடுவதை விருந்தாளிகள் எல்லோரும் பார்த்தார்கள். "என் தைலம்னா சும்மாவா!" என்றாள் எதெல்வினா.

நாய் நடைக்குள் நுழைந்தது. அங்கே பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் திறந்திருந்தது. நாய் அதற்குள் தலையை விட்டு ஒரு பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. கண்ணாடி வெளியே வரவில்லை.

தெல்மிரா எட்டிப் பிடிப்பதற்குள் எதெல்வினா வந்து பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "நீயும் கொஞ்சம் உக்காரு தெல்மிரா. என் ஒருத்தி கனம் போதல."

"எதெல்வினா, பெட்டியைத் தொறங்க. உள்ளே... எறும்பு போச்சு."

"எறும்புக்கெல்லாம் தொறந்தா பஸ் போயிடும்!"

அப்போது நில்டா தன் துணிப்பெட்டியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாள். இரண்டு பாவாடை, ஒரு ஜெபமாலை, ஒரு சீப்பு. "பார்த்தாச்சா? இப்ப எல்லார் பெட்டியையும் தொறங்க. எனக்கொரு நியாயம், விருந்தாளிக்கொரு நியாயமா?"

"தாராளமா! முதல்ல என்னோடதைப் பாருடி!" என்று எதெல்வினா வீறாப்பாய் எழுந்து பெட்டியைத் திறந்தாள்.

மேலாக, மடித்து வைத்த உள்பாவாடையின் மேல், கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

எதெல்வினாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாதா மேல சத்தியமா... நான்... பதினாறு வருஷமா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து விசும்பத் தொடங்கினாள். பெரிய வாய்க்காரி அழுதால் பார்க்கச் சகிக்காது. நில்டாவுக்கே சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் டோன் அன்செல்மோவைப் பார்த்தார்கள். தொலைத்த பொருள் கிடைத்த மனிதரின் முகமாகவே அது இல்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி கிடைச்சாச்சு," என்றார் செத்த குரலில். "அதோ பஸ்ஸும் வந்தாச்சு. மாதா சிலை வளைவுல திரும்புது."

மாதா சிலை எதிர்மலையில் இருந்தது. மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் கொஞ்சம் புழுதிதான் தெரிந்தது.

தெல்மிரா எதெல்வினாவைப் பார்த்தாள். சிதறிக் கிடந்த நில்டாவின் பாவாடைகளைப் பார்த்தாள். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது?

"யாரும் திருடல. நான்தான் எடுத்தேன்," என்றாள்.

"சென்யோரா!" என்றாள் நில்டா.

"இன்னிக்கு மட்டும் இல்ல. மஃப்ளர், செருப்பு, பிரஷ், குதிரை எல்லாம் நான்தான் ஒளிச்சு வெச்சேன். பார்சல் அனுப்பினா நீங்க ரெண்டு பக்கம் எழுதுவீங்க, டோன் அன்செல்மோ. இந்த மலையில குளிர்காலத்துல மனுஷக் குரலே கிடையாது. உங்க ரெண்டு பக்கத்தை வெச்சுத்தான் நான் வருஷத்தைத் தள்ளறேன். இப்ப அந்த முகவரியும் போகப் போகுது. கேக்க வெக்கமா இருந்துது. கண்ணாடி இல்லேன்னா நீங்களே எழுதுவீங்கன்னு நினைச்சேன். போதுமா? போங்க. பஸ் நிக்காது."

சொல்லிவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சென்யோரா," என்றாள் நில்டா. பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

டோன் அன்செல்மோவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஒரு கையால் பெட்டியின் வாரைப் பிடித்தார், விட்டார். வெளியே பஸ் வந்து நின்றது. டிரைவர் கார்மெலோ விடாமல் ஹாரன் அடித்தான். "ஏழாம் நம்பர்! ஏறப் போறீங்களா, இல்லையா?"

யாரும் அசையவில்லை. தரையிலிருந்து எதெல்வினா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். தன்னை அழவைத்த திருடியின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று, கையிலிருந்த கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டினாள். தெல்மிராவைப் பார்த்தாள். கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டி, ஜன்னலைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், கடைசியாக டோன் அன்செல்மோவின் பக்கம் திரும்பினாள்.

"இதுல பவரே இல்லையே, வெறும் ஜன்னல் கண்ணாடி! அப்ப காலையிலேருந்து பஸ் வர்ற வரைக்கும் நீங்க எதைத்தான் தேடினீங்க, டோன் அன்செல்மோ?"