நாலாஞ்சடங்கும் ஒரு ஜேர்மன் கத்தியும்

நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் விலை கூடின கத்தி வாங்கி நான் பார்த்ததில்லை. என் அம்மா பலாக்காயிலிருந்து பாகற்காய் வரைக்கும் ஒரே காட்டுக்கத்தியால்தான் வெட்டினார். லொறியின் வில்லுத் தகட்டில் கொல்லர் அடித்துக் கொடுத்தது. பிடி ஆடும். ஆடுகிற பிடியோடு சேர்ந்து ஆடப் பழகியிருந்தார் அம்மா. விலை கூடின கத்தியை வாங்குகிறவர் வேறு இனம். ஒரு வெங்காயம் உரித்தாலும் அயலுக்கெல்லாம் அறிவித்துவிட்டு உரிக்கிற ஆள் அவர். அப்படிப்பட்ட ஒருவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். தினமும் அவருக்கு நான்தான் முகச்சவரம் செய்துவிடுகிறேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. நீர்வேலியில் அம்மாவும் தங்கை வசந்தியும் நானும் மட்டுந்தான். அப்பா முன்னமே காலமாகிவிட்டார். நான் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞர். (கடையில் சாமான் இல்லை என்று மரியாதையாகச் சொல்வதுதான் அந்த நாட்களில் என் உத்தியோகம்.) வசந்திக்கு நெல்லியடிப் பக்கத்தில் மாப்பிள்ளை பொருந்தியது. பெயர் சிவபாலன். விஞ்ஞான ஆசிரியர். அதிகம் கதைக்காத மனிதர்.

தமையனாக நான் கனவு கண்டிருந்த கலியாணம் வேறு. நடந்த கலியாணம் வேறு. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் இல்லை. பனம்பழத்தில் தோய்த்ததில் என் பட்டு வேட்டி இலேசாக மஞ்சளடித்தது. மங்கலமான நிறந்தானே என்று அம்மா தேற்றினார். மின்சாரம் இல்லாத வீட்டில் ஜாம் போத்தல் விளக்குகள் எரிந்தன. படம் பிடிக்க வந்தவரிடம் கமெரா இருந்தது, ஃபிலிம் இல்லை. ஆனாலும் அவர் எங்களை வரிசையாக நிறுத்தி, நாடியை உயர்த்தச் சொல்லி, மூன்று தரம் அமத்திவிட்டுப் போனார். நாங்களும் அழகாகச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

கத்தி வந்தது இந்தக் கலியாணத்துக்குச் சில வாரம் முன்னால். நேர்த்தி ஒன்று வைத்துச் சந்நிதி முருகனிடம் சைக்கிளில் போனேன். திரும்பும் வழியில் தொண்டைமானாற்றுத் தேநீர்க் கடையில் ஒருவரோடு கதை ஏற்பட்டது. கப்பலில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்ட மனிதர். வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பெட்டியைத் திறந்தார். நீல வெல்வெட்டில் படுத்திருந்தது கத்தி. கறுப்புப் பிடி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அலகு. ஜேர்மன் என்றார். கூர் பார்க்கத் தன் இடது கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அந்தக் கையில் ஒரு முடிகூட இல்லை. முழங்கைக்கு மேலே தேடிப்பிடித்து நாலு முடியை வழித்துக் காட்டினார். கொஞ்சம் புத்தியுள்ளவன் என்றால் அந்தக் கை ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்திருப்பான். நான் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை ஏன் வாங்கினேன் என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். அப்போது மறுமொழி சொல்லத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும். அந்த வருடம் முழுக்க நான் கையில் எடுத்த ஒவ்வொன்றும் இன்னொன்றுக்குப் பதிலாக வந்ததாக இருந்தது. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம், சீனிக்குப் பதில் பனங்கட்டி, பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய். இந்தக் கத்தி ஒன்றுக்கும் பதில் இல்லை. அது கத்தியேதான். (விலையை எழுதமாட்டேன். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.)

கலியாணம் சைவச் சாப்பாடு. அதனால் கத்தியின் அரங்கேற்றத்தை நாலாஞ்சடங்குக்கு ஒத்திவைத்தேன். கலியாணத்துக்கு நாலாம் நாளான அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து மச்சச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். எங்கேயோ சொல்லிவைத்து ஓர் ஆடு எடுப்பித்திருந்தோம். இறைச்சியை நான்தான் வெட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். முற்றத்தில் புளியங்குற்றியைப் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பெட்டியைத் திறந்தேன்.

சதை வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. பார்த்துக்கொண்டு நின்ற அயலவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கைதட்டு மாதிரிக் கேட்டது. எலும்புக்கு வந்தபோது அம்மா காட்டுக்கத்தியை நீட்டினார்.

"அம்மா, இது ஜேர்மன்" என்றேன்.

"ஆடு இஞ்சத்தை ஆடுதானே தம்பி" என்றார் அம்மா.

நான் கேட்கவில்லை. ஓங்கி ஓங்கிக் கொத்தினேன். துடை எலும்பில் ஒருதரம் 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. தரமான இரும்பின் சத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

கறி கொதித்து வாசம் தெருவுக்குப் போய்விட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு பழைய காரிலும் சில சைக்கிள்களிலும் நெல்லியடியார் வந்து இறங்கினார்கள். அந்த நேரம் நான் கிணற்றடியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால், அலகின் நடுவில் சின்ன விரல் நகமளவுக்கு ஒரு பிறை. அந்தத் துண்டு எங்கே? கறியைக் கொட்டினால் நாலாஞ்சடங்குக்கு மச்சம் இல்லை. தங்கைக்கு ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டு. கொட்டாவிட்டால் யாராவது ஒருவரின் தொண்டை.

கைகால் கழுவ அங்கே வந்தவர் மாப்பிள்ளைதான். நாலு நாள் பழக்கம். அவரிடமே கத்தியைக் காட்டினேன். அவர் பிறையை விரலால் தடவிப் பார்த்தார்.

"மச்சான், உதை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. வாறன்."

புது மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பொழுது போகவில்லை. யாரோடும் கதைக்கவும் தெரியவில்லை. அதனால் இரண்டாம் நாளே எங்கள் செத்துப்போன றேடியோவைத் திருத்துகிறேன் என்று கழற்றி விறாந்தையில் பரப்பியிருந்தார். அதிலிருந்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் கழுவி, சுடுநீர் ஊற்றி, சணல் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். விருந்தினரை வரவேற்கச் சொல்லி அம்மாவை முன்பக்கம் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் இருட்டுக் குசினியில் கறிக் கிடாரத்துக்குள் தூண்டில் போட்டோம். அவர் கயிற்றைப் பிடித்தபடி அடியிலிருந்து மெதுவாக அலசினார். நான் விளக்குப் பிடித்தேன். ஒருதரம் காந்தத்தோடு கறுப்பாய் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவர் கழுவிப் பார்த்தார். அது அம்மாவின் சட்டை ஊசி.

ஆக, கறிக்குள் இரும்பு இருந்தது உண்மைதான். ஆனால் என் இரும்பு இல்லை.

இன்னொருதரம் அலசுவோம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முன்பக்கத்துச் சத்தம் கேட்டது. சமையலுக்கு உதவ வந்திருந்த பெரியம்மா முதலே ஒரு சட்டியில் கறியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் முதல் பந்தி இருந்துவிட்டது. நடுவில் மாப்பிள்ளையின் தகப்பனார், ஓய்வுபெற்ற தபாலதிபர். கலியாணத்தன்று என்னோடு மொத்தமாக இரண்டு வசனம் கதைத்தவர். அவர் சோற்றோடு ஒரு துண்டு எலும்பைச் சேர்த்துப் பிசைந்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகிறார்.

"ஒருத்தரும் கடிச்சுப்போடாதேங்கோ" என்றேன்.

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பந்தியிலிருந்த எல்லாக் கையும் வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது. கதவு மறைவில் நின்ற வசந்தி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சந்நிதியில் தொடங்கிச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு தேவையில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கமெராக்காரர் ஃபிலிமோடு வந்து பிடித்திருக்க வேண்டும். பந்தி முழுக்கக் குனிந்து ஆளாளுக்குத் தங்கள் இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்துத் தேடுகிறது. மாப்பிள்ளை ஒரு தட்டத்தில் காந்தத்தை வைத்துக்கொண்டு, கற்பூரம் காட்டுகிற ஐயர் மாதிரி இலைக்கு இலை போகிறார். ஒரு வயோதிபர் பழக்கதோஷத்தில் காந்தத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓர் இலையிலும் ஒன்றும் ஒட்டவில்லை.

தபாலதிபர் மாமா மட்டும் தேடவில்லை. பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, வெட்டின குத்தியைப் பாத்தனீரோ?"

நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளையும் பார்க்கவில்லை. (அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.) முற்றத்துக்கு ஓடினேன். புளியங்குற்றியின் நடுவில், ஆழமான ஒரு கொத்துக்குள், ஒரு துண்டு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. குறட்டால் இழுத்து எடுத்தேன். கத்தியின் பிறைக்குள் வைத்துப் பார்த்தோம். அச்சாகப் பொருந்தியது.

அதோடு விட்டிருக்கலாம். மாமா கையைக் கழுவிக்கொண்டு, கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏச்சு வரும் என்று நான் குனிந்து நின்றேன்.

"தொண்டைமானாத்திலையோ வாங்கினது?"

"ஓம் மாமா."

"இடக்கை மொட்டையா இருக்கிற ஆளோ?"

"ஓம்."

அவர் பெருமூச்சு விட்டார். "அவனிட்டை நானும் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன்" என்றார்.

பந்திக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்தது. சத்தமாக இல்லை. ஆனால் முற்றத்து நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எப்ப?"

மாமி. தபாலதிபரின் மனைவி. அதுவரைக்கும் அவரின் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மாமா கத்தியைப் பார்த்தபடியே, போன ஆவணியில் என்றார். சந்நிதிக்குத் தனியாகப் போன அன்றைக்கோ என்று மாமி கேட்டார். ஓம் என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அலுமாரியில், பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால், என்ற பதில் வந்தது. வெட்டத் தெரியாத மனுஷனுக்கு அது என்னத்துக்கு என்று கடைசியாகக் கேட்டார் மாமி.

"சும்மா" என்றார் மாமா. "இடைக்கிடை எடுத்துப் பாக்க."

மாமிதான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பந்தியை யாராலும் நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்தே கிடாரத்தைக் காலி பண்ணினார்கள். மாமா இரண்டாந்தரம் எலும்பு கேட்டு வாங்கி, என்னைப் பக்கத்தில் இருத்திச் சாப்பிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் என்னோடு கதைத்தது, கலியாணத்தன்று கதைத்ததைப் போல நூறு மடங்கு இருக்கும். எல்லாம் கத்தியைப் பற்றித்தான். வசந்தி மட்டும் பின்னேரம் வந்து, இனி நீங்கள் கறிவேப்பிலை மட்டும் ஆய்ந்தால் போதும் அண்ணை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றைந்தில் போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது நாங்கள் நெல்லியடிக்கு மாமா வீட்டுக்குத்தான் போனோம். எங்களைப் போல இன்னும் பல குடும்பங்கள் அந்த வீட்டில். குசினியில் ஒரேயொரு கத்தி. முதல் நாளே மாமி அலுமாரியைத் திறந்து, பஞ்சாங்கங்களை விலக்கி, பெட்டியை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அந்த மாரிகாலம் முழுக்க அத்தனை பேருக்கும் மரக்கறி அந்தக் கத்தியில்தான் வெட்டுப்பட்டது. எலும்புக்குக் கொடுக்கவில்லை. எலும்பு வாங்க வழியும் இருக்கவில்லை. மாமா குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, அம்மா வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அதற்குப் பிறகுதான் கலியாணம். மனைவி பவானி அந்தச் சபையில் இருந்தவர் அல்ல. ஆனாலும் பந்தியில் மாமி கேட்ட அந்த ஒரு சொல்லை அவரிடமே நேரடியாகப் பாடம் படித்துவிட்டார். இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் என்ன சாமான் புதிதாகக் கொண்டுவந்து வைத்தாலும், விலை என்ன, எங்கே வாங்கியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

போன மாதம் நான் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். நல்ல சாமான், ஜப்பான். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு மதில் தெரியும்; அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை என்பது உண்மைதான். அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து கதிரையில் இருந்தேன். பவானி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்ப?" என்றார்.