விக்கிற வீட்டுக்கு வெள்ளையடிச்சேன்

வீடு விக்கப் போன கதைன்னதும் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டீங்க. எவ்வளவுக்குப் போச்சுன்னு தெரியணும், அதானே? இல்ல, வாங்க வந்த சீன முதலாளி, அந்தத் தவுக்கே மாதிரி நான் பேசிக் காட்டுவேன்னு ஆசையா? ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். பேசாம கேளுங்க.

அன்னிக்கு வேலை ரொம்ப சாதாரணம். சுவத்துக்கு வெள்ளையடிக்கணும்.

என் வீடு கடலோரச் சந்துல. அமாவாசை, பௌர்ணமி வந்தா கடல் தண்ணி சாக்கடை வழியா ஏறி, கதவத் தட்டாம உள்ள வரும். ஒரு நாள் சம்பல் அரைச்சிக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரியத் தாண்டி ஒரு கெளுத்தி மீனு நீந்திப் போச்சு. அவ அம்மியை அப்படியே போட்டுட்டு மூட்டை கட்டிட்டா. தண்ணீர்மலைப் பக்கம் மேட்டுல அவ அண்ணன் வீடு. அங்கருந்து ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறா:

"அந்தக் குளத்த வித்துட்டு வரச் சொல்லுங்க. விக்காட்டி தவளையோட குடித்தனம் நடத்தச் சொல்லுங்க லா!"

வாங்க ஒரு ஆளு கிடைச்சாரு. அரிசி வியாபாரம் பண்ற தவுக்கே. மூட்டை அடுக்க கீழ்த்தளம் வேணுமாம்.

கீழ்த்தளம்! நான் வாயத் திறக்கல.

செலவில்லாம வீட்டை அழகு பண்ணிடலாம்னு சுண்ணாம்பு கரைச்சு அடிச்சேன். காஞ்சதும் பாத்தா, தண்ணி நின்ன கறை முழங்கால் உயரத்துல, வீட்டுக்கு அரைஞாண் கட்டுன மாதிரி!

மறுபடி அடிச்சேன். மறுபடி எட்டிப் பாத்துச்சு.

சலவைக்குப் போடுற நீலத்த சுண்ணாம்புல குழைச்சு, கறை மேல சுத்தி வர ஒரு பட்டை இழுத்தேன். ஆஹா! துரை பங்களா தோத்துப் போகும்!

அடுத்து சேத்து நாத்தம். சாம்பிராணி போட்டேன். பத்தல. பொட்டலத்தையே கொட்டிட்டேன். செல்லரிச்ச வாசக்கதவு கண்ண உறுத்துச்சு. புது மல்லுத் துணி வாங்கி, பால் வெள்ளையா ஒரு திரை தொங்க விட்டேன். உள்ள போக எனக்கே கூச்சமா இருந்துச்சு, அவ்வளவு அழகு!

தவுக்கே ரிக்சாவுல வந்து எறங்குனாரு. திரையப் பாத்தாரு. நீலப் பட்டையப் பாத்தாரு. புகையப் பாத்தாரு. தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டாரு.

ஆளு மயங்கிட்டாரு!

திரும்பி முக்குக் கடைக்குப் போனாரு. வரும்போது கையில வெள்ளைத் தாள்ல மடிச்ச ஒரு பொட்டலம். ரெண்டு கையாலயும் நீட்டுனாரு. உள்ள காசு குலுங்குது.

முன்பணம்! வாசப்படி கூட மிதிக்கல, அதுக்குள்ள முன்பணம்!

முப்பத்திரெண்டு பல்லும் தெரிய வாங்கிக்கிட்டு, "ரொம்ப சந்தோஷம் தவுக்கே! இந்த நாளுக்குத்தான் என் வீட்டுக்காரி காத்துக்கிட்டே இருந்தா!"ன்னேன்.

அவரு மூஞ்சி மாறிப்போச்சு. மலாய்ல மெதுவா கேட்டாரு. "செத்தது... உன் பொண்டாட்டியா?"

"ஐயையோ! யாரும் சாகலையே!"

"அப்ப வெள்ளைத் துணி எதுக்கு? நீலம் எதுக்கு? இவ்வளவு புகை எதுக்கு? எங்க ஆளுங்க சாவு வீட்டுலதான் வெள்ளையும் நீலமும்! நான் துக்கத்துக்குக் காசு குடுக்குறேன், நீ சிரிக்கிற!"

பொட்டலத்தத் திருப்பி நீட்டுனேன். தொட மாட்டேங்குறாரு. ஒரு எட்டு பின்னால போறாரு.

"சும்மா அழகுக்குப் பண்ணேன் தவுக்கே!"

"பொய் சொல்லாத லா! ஆள் செத்திருக்கு, நீ மறைக்கிற. உள்ள பேய் இருக்கு. பேய் வீட்டுல என் அரிசி மூட்டைய வைக்க மாட்டேன்!"

ரிக்சாவுல ஒரு கால வச்சிட்டாரு. எனக்குத் தவளையோட குடித்தனம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு!

எதிர்த்த அஞ்சடி நடைபாதையில நாசி கண்டார் சோறு விக்கிற காதர் அண்ணன், சோத்துக் கரண்டியோட வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாரு. வருஷக் கணக்கா என் வாசலையே பாத்து உக்காந்திருக்கிற மனுஷன். இதுக்கு மேல சாட்சி உண்டா? கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க! இந்த வீட்டுல பேய் பிசாசு உண்டா?"

காதர் அண்ணன் எனக்காக உயிரையே குடுக்குற மாதிரி, கரண்டிய நெஞ்சுல வச்சு, தவுக்கேகிட்ட சொன்னாரு:

"பேயா? சத்தியமா இல்ல தவுக்கே! பௌர்ணமிக்குப் பௌர்ணமி முழங்கால் தண்ணி ஏறுற வீட்டுல பேய் எப்படி லா குடியிருக்கும்?"