புது மாடல் சாயத்துக்குக் காத்திருக்கும் மாமாவுக்கு

வல்லம் வடகால்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பெருமாள்சாமி மாமாவுக்கு, அக்கா மகள் இசக்கிசெல்வியின் வணக்கம். நீங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே என்னோடு வந்திருக்கும் அம்மா சுகமாக இல்லை. ஆகவே விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் வெட்டி அனுப்பிய பேப்பர் துண்டு கிடைத்தது. அம்மாவின் ஈரலில் இருப்பது என்ன கட்டி என்று பார்க்க, சாயம் ஏற்றி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். நீங்களோ, புதுச் சாயம் ஒன்று வருகிறது, அது உடம்பு முழுக்கச் சாதுவாகச் சுற்றும், புற்றுக்கட்டியில் ஊறும் நொதி அதை வெட்டினால் மட்டும் படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், "அது வரட்டும் ஏட்டி, பழசை ஏத்தாத" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள்தான். ஆனாலும் கடைசி வரி வரை படித்தேன். இப்போது எலிகளுக்குத்தான் ஏற்றிப் பார்க்கிறார்களாம். எலிகள் எல்லாம் முடிந்து மனுஷர் முறை வரும்வரை அம்மாவின் கட்டி கைகட்டி நிற்குமா மாமா?

புது மாடல் வரட்டும் என்று நீங்கள் இன்னும் போனே வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் போனில் பேசுவதும் உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதனால்தான் போன் கம்பெனியில் வேலை பார்க்கிற நான் தபாலில் சண்டை போடுகிறேன். போன் பூட்டுகிற எங்கள் லைனில் ஒரு மாடல் ஓடும்போதே அடுத்ததற்கு டிரெய்னிங் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் உங்களைப் போலிருந்தால் நாட்டில் ஒருத்தரும் ஒருத்தரோடு பேசியிருக்க மாட்டார்கள்.

நாளை ஸ்கேன். லீவு கேட்டேன். சூப்பர்வைசர் எல்லப்பன் சார், "இன்னாம்மா, ஒனக்குப் பேச வருமா? ஊமைன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "வரும் சார். லீவு வேணும்" என்றேன். பயந்துபோய்க் கொடுத்துவிட்டார். ஸ்கேனுக்குப் போகும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். அம்மாவின் மூக்குத்தித் திருகை, லைனில் ஸ்க்ரூ போடுகிற, என்னோடு ஒரே ரூமில் இருக்கும் கங்கா ஒரே சுற்றில் கழற்றிவிட்டாள்.

உங்கள் சம்மதம் வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
இசக்கிசெல்வி

பின்குறிப்பு: சனிக்கிழமை. சாயம் ஏற்ற ஊசியோடு வந்தவரை அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். "எந்தச் சாயம்னாலும் ஏத்தட்டும். எந்தம்பி வந்து வாசல்ல நிக்காம அந்தக் குழாய்க்குள்ள போகமாட்டேன்" என்று பெஞ்சை விட்டு எழவில்லை. அடுத்த வெள்ளிக்குத் தள்ளியிருக்கிறார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன், அதை அத்தையிடம் சொல்ல வேண்டாம். கிளம்பி வாங்க மாமா. புது பஸ் விடட்டும் என்று நிற்காதீர்கள்.