மாமாவுக்கு ஒரு கண்டம்

சென்ற தை மாதம் நான் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். மாமாவை ஒரு கண்டத்துக்கு அனுப்பியே தீருவது. அமெரிக்கக் கண்டமோ, ஐரோப்பியக் கண்டமோ, எது முந்துகிறதோ அது. எனக்கு இந்த வயதில் ஒரு கண்டம் இருக்கிறது என்று சாதகம் பார்க்கிற சாத்திரி ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். அவர் சொன்னது வேறு கண்டம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மாமா என்றால் என் மனைவி சோபனாவின் அப்பா, குணரத்தினம். சாவகச்சேரி ஆசுபத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். இங்கே பிளாட் புஷ் என்ற ஊரில் எங்களோடு இருக்கிறார். தலைநகர் வெலிங்டனுக்குப் படிக்கப் போன மகனின் அறை அவருக்கு. சாதுவான மனிதர். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். ஆனால் போன ஆடியில் மாமி செத்த பிறகு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. ஹோலில் இருந்து சீரியல் பார்ப்பார், வீடு அதிர.

எனக்கு எல்லர்ஸ்லியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். நான் மீட்டிங்கில் வாய் திறக்கும் நேரம் பார்த்து சீரியலில் யாராவது தலையில் அடித்து அழுவார்கள். "கேத், வீட்டில் எல்லாரும் நலமா?" என்று, என் பெயரைப் பாதியாக்கி, மனேஜர் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. மனநல ஆலோசகரின் நம்பரை அனுப்பினாள். அதன்பிறகு நான் உடுப்புத் தோய்க்கிற அறைக்குக் குடிபெயர்ந்தேன். சலவை மெஷினுக்கு மேல் லப்டொப். மெஷின் சுழலும்போது நானும் சேர்ந்து அதிருவேன்.

சோபனாவுக்கு இரண்டு தங்கைகள். கிருசாந்தி அமெரிக்காவில், டெக்சஸில். லக்ஷிகா ஜெர்மனியில், டோர்ட்முண்டில். மாமாவைப் போகச் சொன்னால் பாவம். அவராகவே ஆசைப்பட்டால்? இரண்டு தங்கைகளையும் மோத விடுவோம், எந்த நாட்டில் வாழ்க்கை வசதி என்று அவர்களே சொல்லட்டும், மாமா ஏதாவது ஒன்றில் மயங்குவார் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு காலை வீடியோ கோலில் இருவரையும் ஒன்றாகப் பிடித்தேன். நான் நடுவர்.

"அப்பா, இந்தப் பிரிட்ஜைப் பாருங்கோ. கதவிலேயே ஐஸ் விழும்" என்றாள் கிருசாந்தி.

"அப்பாக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளாது" என்றாள் லக்ஷிகா.

"ஐஞ்சு அறை, அப்பா. ஒவ்வொண்டுக்கும் தனித்தனி பாத்ரூம்."

"ஐஞ்சையும் ஆர் கழுவுறது?"

"உடுப்பைப் போட்டால் காய்ஞ்சே வரும். அவளிட்டை டிரையர் இருக்கோ, கேளுங்கோ."

"பல்கனி இருக்கு. வெயில் சும்மா வருது."

"வருசத்திலை ரெண்டு மாசம்!"

"நீ பால் வாங்கவும் கார் எடுக்கோணும். எனக்குக் கீழை இறங்கினால் கடை, வாசலிலை டிராம். அப்பா தானே ஏறிப் போய் வரலாம்."

"ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறக்குமோடி?"

ஜெர்மனியில் ஞாயிறு கடைகளுக்குப் பூட்டு. அமெரிக்காவுக்கு ஒரு புள்ளி. ஜெர்மனியைத் தூக்கிவிடுவது நடுவர் கடமையல்லவா? "லக்ஷிகா, உங்களுக்கு வருசத்திலை ஆறு கிழமை, ஒண்டரை மாசம், லீவு எல்லோ?" என்று எடுத்துக் கொடுத்தேன். "டொக்டரிட்டைப் போகவும் ஒரு இன்சூரன்ஸ் மட்டையை நீட்டினால் சரி, என்ன?"

"ஓம் அத்தான்! அவை அங்கை காய்ச்சலோடை வேலைக்குப் போகினம்."

மாமா தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை கிருசாந்தி, பகலிலை வீட்டை ஆர் நிக்கிறது?"

"பகலிலை..." கிருசாந்தி யோசித்தாள். "அலாரம் இருக்கு அப்பா."

"லக்ஷிகா, நீ?"

"நான் நாலு மணிக்கே வந்திடுவன். வெள்ளிக்கிழமை அதிலும் வெள்ளன."

"நான் எங்கை படுக்கிறது?"

"சோபாவை இழுத்தால் கட்டில். பிள்ளையள் படிச்சு முடிச்சாப் பிறகு இழுக்கலாம்."

பின்னால் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சோபனா சொன்னாள்: "ஒருத்தியிட்டை அறை இருக்கு, ஆள் இல்லை. மற்றவளிட்டை ஆள் இருக்கு, அறை இல்லை."

"இஞ்சை?" என்றார் மாமா.

நான் போனை நிமிர்த்தி வைப்பதுபோல் பாவனை செய்தேன்.

போட்டி அடுத்த ஞாயிறும் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறும். கிருசாந்தி தன் கராஜைக் காட்டினாள். எங்கள் வீடே அதற்குள் நிற்கும். லக்ஷிகா கோடையில் எடுத்த வீடியோ ஒன்றில் பார்க் பெஞ்சில் வயதானவர்கள் வெயில் காய்வதைக் காட்டினாள். நான் இரண்டையும் புகழ்ந்தேன். புகழ்ந்து புகழ்ந்து எனக்கே போக ஆசை வந்துவிட்டது. சோபனா குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு பேச்சு முற்றியது.

"பெரிய வீடு, பெரிய வீடு எண்டுறாய்" என்றாள் லக்ஷிகா. "அம்மான்ரை செத்தவீட்டுக்கு வர உனக்கு லீவு கிடைச்சுதோ?"

கிருசாந்தியின் முகம் இருந்த இடத்தில் ஒரு மின்விசிறி தெரிந்தது. போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டாள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் வந்தது.

"மூண்டு நாள் தந்தவை. வந்து சேரவே ரெண்டு நாள். நான் என்ன செய்யிறது?"

"விடு பிள்ளை. போனிலை பாத்தனிதானே" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் போறன். ரெண்டு பேரிட்டையும் போறன்."

வென்றுவிட்டேன். ஆனால் துள்ள முடியவில்லை. அந்த விசிறி கண்ணை விட்டுப் போகவில்லை.

"டிக்கெட் விசயத்தை நானே பாக்கிறன். நீங்கள் ஓம் எண்டால் சரி" என்றாள் சோபனா.

"ஓம், ஓம்" என்றேன். சும்மா ஒரு ஓம் அல்ல, இரண்டு.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஹோலுக்குப் போனேன். சீரியலில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் நஞ்சு கலந்துகொண்டிருந்தாள். நான் அறிய ஒரு வருடமாகக் கலக்கிறாள்.

"தம்பி, இந்தச் சீரியல் அங்கையும் வருமோ?" என்று கேட்டார் மாமா.

"வரும் மாமா. இதிலை அப்பிடி என்ன கிடக்கு? நீங்கள் முந்தி இதுகளைப் பாக்கிறேல்லையே!"

"எனக்குப் பிடிக்காது தம்பி. பெரிய கரைச்சல்."

"பிறகு ஏன்?"

"மாமியை ஆசுபத்திரியிலை விட்டிட்டு வரேக்கை சொன்னவா. 'நான் வருமட்டும் கதையை வடிவாப் பாத்து வைச்சிருங்கோ, வந்து கேப்பன்' எண்டவா." திரையை விட்டு அவர் கண் எடுக்கவில்லை. "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தம் வைச்சால்தான் ஒண்டும் தவறாது. உங்களுக்குக் கரைச்சல் எண்டு தெரியும்."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மருமகள் பாலைக் குடிக்கவில்லை. பூனை குடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரே சோபனா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குப் போனேன்.

"சோபனா, டிக்கெட்டை நிப்பாட்டும்."

"ஏன்?"

"அவர் இஞ்சையே இருக்கட்டும். நான் வோஷிங் மெஷினோடை சமாளிப்பன்."

"எங்கட டிக்கெட்டை நீங்கள் ஏன் நிப்பாட்டுறியள்?"

"எங்கடயோ?"

"என்னுடையதும் அப்பாவின்ரையும். எனக்கு லீவு கிடைச்சிட்டுது. முதல் டெக்சஸ், பிறகு ஜெர்மனி, பிறகு வீடு. அவரைத் தனியே ஏத்தி விடுவன் எண்டு நினைச்சீங்களே?"

"என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லையே!"

"போன வருசம் கேட்டனான். அம்மா செத்து ரெண்டு மாசத்திலை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கச்சியவையைக் காட்டோணும் எண்டனான். நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஞாபகம் இல்லை."

"'அங்கை போய் என்ன கிடக்கு? எல்லா நாடும் ஒண்டுதான்' எண்டீங்கள். இப்ப மூண்டு கிழமையா ரெண்டு நாட்டையும் தலையிலை தூக்கி வைச்சு ஆடினது ஆர்?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"நீங்கள் சீரியல் சத்தம் தாங்காமல் அப்பாவைத் தள்ளப் பாத்தது எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ" என்றாள் மெதுவாக. "கோபம் வந்ததுதான். ஆனால் உங்கட வாயாலை ஓம் வாங்க எனக்கு வேறை வழி கிடைக்கேல்லை." முகத்தைத் திருப்பிக்கொண்டு லீக்ஸை எடுத்தாள். லீக்ஸ் வெட்டினால் வெங்காயம்போல் கண் எரியாது. ஆனால் சேலைத் தலைப்பு இல்லாததால் கைமுட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனி பிறந்ததும், விமான நிலையத்தில் மாமா என் கையைப் பிடித்தார். சோபனா சூட்கேஸ்களைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டாள்.

"தம்பி, திரும்பி வரலாம்தானே?"

மருமகனிடம் கேட்கிற கேள்வியா அது? ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்பி வர என்னிடம் அனுமதி கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். போதாது என்று தெரிந்து, அவர் உள்ளே போகும் வரை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அதன்பிறகு ஹோல் முழுவதும் எனக்கு. மேசையைப் போட்டு மீட்டிங் வைத்தேன். "இன்று நல்ல அமைதி" என்று மனேஜர் பாராட்டினாள். அந்த அமைதியில் என் வாட்ச் ஓடுவது எனக்கே கேட்டது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் தோய்க்க உடுப்பு இல்லாமலே மெஷினைப் போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

டெக்சஸிலிருந்து சோபனா போன் எடுத்தாள். கிருசாந்தி அப்பாவைக் கண்டதும் வாசற்படியிலேயே இருந்து அழுதாளாம். "ஐஞ்சு அறையும் சும்மா கிடக்கு. எல்லாரும் அப்பான்ரை அறையிலைதான் படுக்கிறம்" என்றாள். பிறகு டோர்ட்முண்ட். அங்கே மாமா தானே டிராமில் போய்த் தக்காளி வாங்கி வந்தாராம். ஆனால் நாலாம் மாடி, லிப்ட் இல்லை. ஏறி வந்து தக்காளியை மடியில் வைத்தபடி மூச்சு வாங்க இருந்தாராம்.

"மாமா என்ன சொல்லுறார்? அமெரிக்காவோ ஐரோப்பாவோ?" என்று கேட்டேன்.

"பிள்ளையள் ஒரு இடத்திலை இருந்தால் அதுதான் நல்ல நாடு எண்டுறார்." அடுத்த மூச்சிலேயே தொடர்ந்தாள். "இஞ்சருங்கோ, அம்மான்ரை முதல் வருச ஆட்டைத் திவசம் வருகுதெல்லோ. எல்லாரும் எங்களோடை வருகினம்."

"எல்லாரும் எண்டால்?"

"ரெண்டு குடும்பமும். கிருசாந்தி இந்த முறை வருசத்து லீவு முழுக்க எடுத்திட்டாள். லக்ஷிகாக்குச் சொல்லத் தேவையில்லை, அவளிட்டை லீவு கொட்டிக் கிடக்கு."

"நல்லது" என்றேன். உண்மையாகவே நல்லது என்றுதான் பட்டது. கண்ணுக்குள் சுற்றிய அந்த விசிறி ஒருவழியாக நின்றது. பிறகுதான் கணக்குப் பார்க்கும் புத்தி வந்தது. "எங்கையப்பா எல்லாரும் படுக்கிறது?"

"அதெல்லாம் அப்பாவும் நானும் கதைச்சு வைச்சிட்டம். கிருசாந்தியவை பெரிய வீட்டிலை இருந்தவை, அவைக்கு எங்கட அறை. லக்ஷிகாவவைக்குச் சின்ன இடம் பழக்கம், அவைக்கு அப்பான்ரை அறை. அப்பாவும் நானும் ஹோலிலை."

"அப்ப நான்?"

"எங்கட கராஜிலை நிக்கிற காரை வெளியாலை விடேலாதே?"

அன்றைக்கே காரை எடுத்து வெளியே விட்டேன்.