அறுபது நாற்காலிகளும் ஒரு வாசல் தூணும்

அன்பும் மரியாதையும் முழங்கால் வரை மாவுக்கட்டும் கொண்ட மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகப் பொய்யோடு தொடங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கட்டிலில் படுத்தபடி ஊரையே அதட்டுகிறவருக்கு என்ன குறை.

காலையிலிருந்து ஒன்பது தடவை போன் செய்திருக்கிறீர்கள். ஒன்பது தடவையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். போனில் சொன்னால் முதல் வரியிலேயே குறுக்கே பாய்வீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை படித்துவிட்டுத்தான் திட்ட முடியும், அதுவும் காகிதத்தைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும். அதனால் கிடங்கு சூப்பர்வைசரின் அறையில், அவர் மேஜையில், அவர் பேனாவால் எழுதுகிறேன். அவர் முகத்தைப் பார்த்தால் பேனாவையும் இன்னும் கொஞ்ச நேரத்தில் பிடுங்கிக்கொள்வார் போலிருக்கிறது.

உங்கள் வாடகைக் கடையிலிருந்து அறுபது நாற்காலியை ஒரு கூட்டத்துக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். அது முழுப் பொய் இல்லை, கூட்டம் வந்தது. ஆனால் நடந்தது கார்ப் பந்தயம். எழுந்திருக்காதீர்கள், கால் உடைந்திருக்கிறது. டிவியில் காட்டுகிற மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடுகிற பந்தயம் இல்லை இது. காலிக் கிடங்கின் பின்னால் பெரிய சிமெண்டுத் தரை இருக்கிறது. அதில் வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டியை விட்டு, எத்தனை செகண்டில் சுற்றி வருகிறது என்று பார்ப்போம். ஓரத்தில் வைத்திருக்கிற அடையாளத்தை இடித்துத் தள்ளினால் இரண்டு செகண்டு கூட்டிக்கொள்வோம். அவ்வளவுதான். அவரவர் வண்டி, அவரவர் பிரேக், எல்லோருக்கும் பொதுவாக இரண்டு ஹெல்மெட். என் மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிற ஆட்களை உங்களுக்குத் தெரியும். வண்டி மேல் உயிரையே வைத்திருப்பார்கள், ஆனால் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் மூன்றாவது கியரைத் தாண்டியிருக்க மாட்டார்கள். நிஜப் பந்தய மைதானத்தில் கேட்கிற தொகைக்கு வண்டியையே விற்க வேண்டும், விற்றுவிட்டால் எதை ஓட்டுவது. அதனால் ஸ்டீயரிங் பிடிக்கவே கை நடுங்குகிறவர்கள்கூட வரலாம், அவர்களுக்குத்தான் முதல் இடம் என்று ஷெட் வாசலில் எழுதிப் போட்டேன்.

கை நடுங்குகிறவர்கள் என்று பன்மையில் எழுதினேனே தவிர, நான் மனதில் வைத்திருந்தது ஒரே ஒருத்தியைத்தான். அவள் உங்கள் வீட்டுக்காரி, என் தங்கச்சி. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வருஷம் உங்கள் நாற்காலி வேனை மழையிலும் வெயிலிலும் ஓட்டினவள். நாலு வருஷத்துக்கு முன்னால் வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருந்த அன்றைக்கு ரிவர்ஸ் எடுத்து வாசல் தூணில் இடித்தாள். நீங்கள் மாடியில் நின்றுகொண்டு, "அந்தத் தூணு நாப்பது வருசமா அங்கேயேதான் நிக்குது, உன் கண்ணுக்கு மட்டும் தெரியலையா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகச் சத்தமாகச் சிரித்தது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அவளுக்கு இருக்கிறது. நான்தான். அதோடு நிற்காமல், தூணுக்கு அடி பலமா, டாக்டரைக் கூப்பிடவா என்று வேறு கேட்டேன். சாவியை ஆணியில் மாட்டினாள், அப்புறம் நீங்கள் கெஞ்சியும் தொடவில்லை. நீங்கள் கெஞ்சினதும், சீட்டுக்குப் புதுசாக மெத்தை வாங்கிப் போட்டதும் எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம். இப்போது நீங்கள் நாற்காலி அடுக்கின் மேலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதும், கூலிக்கு ஒரு டிரைவரைப் போட வேண்டியதாகிவிட்டது. அவன் இஷ்டத்துக்குத்தான் கடை நடக்கிறது. ஆகவே இவளை எப்படியாவது இன்றைக்கு ஒரு சுற்று ஓட்ட வைத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டேன். திட்டம் தோற்றுவிட்டது. எப்படித் தோற்றது என்பதைச் சொல்கிறேன், மாவுக்கட்டை ஆட்டாமல் கேளுங்கள்.

அடையாளத்துக்கு ரோட்டில் வைக்கிற கூம்புதான் வைக்க வேண்டும். கூம்பு விற்கிறவன் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. சிவப்பு நாற்காலி, தூரத்திலிருந்தே தெரியும், இடித்தாலும் வண்டிக்கு வலிக்காது. இவ்வளவு யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. நாற்காலியைப் பார்த்தால் ஜனங்கள் உட்காருவார்கள்.

பந்தயத்துக்கு முன்னால் வண்டிச் சோதனை. ஓட்டும்போது வண்டிக்குள் எதுவும் உருளக் கூடாது, பிரேக்குக்குக் கீழே போய்ச் சிக்கினால் ஆபத்து, அதனால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்பது விதி. பேங்க் கேஷியரின் வண்டியிலிருந்து வெளியே வந்த சாமானில் ஒரு தனி வீடு வைத்துக் குடித்தனம் நடத்தலாம். கடைசியாக ஒரு குடை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள் என்று கேஷியரின் மனைவி இரண்டு வருஷமாக அவளோடு பேச்சை நிறுத்தியிருக்கும் குடை அது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் வேடிக்கை பார்க்க வந்து அங்கேயேதான் நின்றிருந்தாள். கேஷியர் குடையைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தார். விதி விதிதான் என்று நான் வெளியே எடுத்தேன். இப்போது அந்தப் பெண்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள், கேஷியரோடுதான் யாரும் பேசுவதில்லை.

முதலில் பல் டாக்டரை விட்டேன். பாவம், நல்ல மனிதர், பாதையைக் காலால் நாலு தடவை நடந்து பார்த்து உள்ளங்கையில் படம் வரைந்து வைத்திருந்தார். அவர் ஹெல்மெட் மாட்டி பெல்ட் போட்டுச் சாமி கும்பிட்டு முடிப்பதற்குள், வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக நான் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த குடும்பங்கள் கால் வலிக்கிறது என்று இந்தப் பக்கம் வந்து பாதையில் உட்கார்ந்துவிட்டன. உட்கார்ந்ததோடு விடவில்லை, வெயில் என்று நாற்காலியை இழுத்து மதில் நிழலுக்குக் கொண்டுபோனார்கள். நிழல் நகர நகரப் பாதையும் கூடவே நகர்ந்தது. நான் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னதை, கிளம்பச் சொல்கிறேன் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். நல்லவேளை, அவர் ஓட்டுகிற வேகத்துக்கு ஆமைகூட ஹார்ன் அடிக்கும். மூன்றாவது வளைவில் வளைவையே காணோம். வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, இங்க ஒரு வளைவு இருந்துச்சே, பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர், "நேரா போங்க தம்பி, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லோரையும் எழுப்பிக் கயிற்றுக்கு வெளியே அனுப்பினேன். இனி யாரும் உட்காரக் கூடாது என்று அறுபது நாற்காலியையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். இந்த யோசனை வந்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்து வந்த கேஷியர் முதல் வளைவிலேயே ஒன்றை இடித்தார். கால் மேலே இருந்ததால் அது வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு பாதை முழுக்க அவரோடு கரகரவென்று வந்தது. முடித்ததும் எத்தனை செகண்டு கூட்டுவது என்று வழக்கு. "ஒரு நாற்காலி, ஒரு தடவைதான் இடிச்சேன். அதுக்கப்புறம் அதுவா கூட வந்தா நான் என்னங்க பண்றது? வீட்டுலதான் யாரும் என்கூட வர்றதில்ல" என்கிறார். அந்த நாற்காலியின் முதுகு தேய்ந்து முறம் மாதிரி ஆகிவிட்டது. அதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

இந்தக் கரகர சத்தத்துக்குத்தான் சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் விசில் மாட்டியிருப்பார், பேசுவதைவிட ஊதுவதுதான் அதிகம். ஊதி முடித்து, "இதான் முதலும் கடைசியும். அஞ்சு மணிக்கு கேட்டைப் பூட்டிருவேன், உள்ள எது நின்னாலும் எனக்குக் கவலை இல்லை" என்றார். மாதம் ஒரு ஞாயிறு நடத்தலாம் என்று நான் கட்டியிருந்த கோட்டை அங்கேயே சரிந்தது.

இதற்கெல்லாம் நடுவில் உங்கள் வீட்டுக்காரி ஏழாவது வளைவுக்குப் பின்னால் மதில் ஓரமாக நின்று, விழுகிற நாற்காலியை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஹெல்மெட்டை நீட்டி, "ஒரே ஒரு சுத்து வாம்மா, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்றேன். "நீ பக்கத்துல உக்காந்தா சிரிப்பண்ணே. நான் எழுதறேன்" என்றாள். நீட்டின ஹெல்மெட்டை என் தலையிலேயே மாட்டிக்கொண்டு, நோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

கடைசியாக, நாற்காலியை ஏற்றி வந்த உங்கள் கூலி டிரைவர், நானும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று உங்கள் வேனை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் என்னைக் கேட்டிருந்தால் உங்களிடம் அனுமதி வாங்கியிருப்பேன், கேட்கவில்லை. இங்கும் அங்கும் உருட்டி வந்து நின்று, நாலுதான் விழுந்தது என்றான். இவள் நோட்டைப் பார்த்து, "பதினொண்ணு" என்றாள். அவனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஸ்டீயரிங்கத் தொட பயந்து நாலு வருசமா வீட்டுல உக்காந்திருக்கிறவங்க எனக்கு மார்க் போடறாங்களா? ஓட்டிக் காட்டிட்டுச் சொல்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, சாவியை நாற்காலி மேல் வீசிவிட்டு நடந்தே போய்விட்டான். யாரும் சிரிக்கவில்லை. இவள் நோட்டில் பதினொன்று என்பதைத் திரும்ப ஒரு தடவை அழுத்தி எழுதினாள். பதிலுக்கு அவனை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, வேனை நானே கொண்டுவந்து விடலாம் என்றால், விழுந்த நாற்காலியைத் தூக்கப் போய் என் இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. கியர் போடுகிற கை. உங்கள் தங்கை, மன்னிக்கவும், என் தங்கை, அவள்தான் துணியைக் கிழித்துக் கட்டு போட்டாள். டாக்டரும் கேஷியரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இருந்தாலும் உங்கள் வேனின் கியரைப் போட முடியாது, அதற்கு ரிவர்ஸ் விழுவதற்குள் காலண்டரில் தேதி மாறிவிடும். என்னை விட்டால் அதன் குணம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் கட்டிலில், ஒருவன் கோபத்தில், ஒருத்தி வெளியே சாவி கிடக்கிற நாற்காலியைப் பார்த்தபடி நிற்கிறாள். மணி நாலு. அஞ்சுக்குப் பூட்டு. நாளைக் காலை உங்களிடம் நாற்காலி கேட்டிருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது.

ஆகவே மாப்பிள்ளை, சங்கத்தை இத்துடன் கலைத்துவிட்டேன். சங்கம் என்றால் நானும் இரண்டு ஹெல்மெட்டும்தான். இனி என் ஆயுசில் பந்தயம் என்ற பேச்சை எடுக்க மாட்டேன். அன்றைக்குச் சிரித்ததை இன்றைக்கு ஒரே நாளில் சரிக்கட்டிவிடலாம் என்று பார்த்தேன், அவளை இன்னொரு தடவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததுதான் மிச்சம். மனது விட்டுப்போய்விட்டது.

உங்கள் கால் சீக்கிரம் கூடட்டும், கட்டுக்குள் அரிப்பு எடுக்காமல் இருக்கட்டும், கை நிறைய ஆர்டர் வரட்டும், வாங்கிப்போன நாற்காலியெல்லாம் எண்ணிக்கை குறையாமல் வீடு திரும்பட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் உங்களிடம் எதையும் இரவல் கேட்காத
மச்சான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது வெளியே வேன் உறுமியது. டிரைவர்தான் மனம் மாறி வந்துவிட்டானோ என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவன் இல்லை. கலைந்து கிடந்த நாற்காலியை எல்லாம் இவளே பழைய இடத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறாள். இரண்டு ஹெல்மெட்டில் சின்னதை மாட்டிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே போகவில்லை, என் மூஞ்சியைப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று திரை மறைவிலேயே நின்றேன். ஸ்டாப்வாட்சை எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள், சூப்பர்வைசர். விசில் வாயிலிருந்து நழுவி நெஞ்சில் ஆடுகிறது, ஊத மறந்துவிட்டார். முதல் சுற்று நாலு நிமிஷம் இருபது செகண்டு, இன்றைக்கு ஓடி முடித்தவர்களிலேயே மட்டமான நேரம். விழுந்த நாற்காலி ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்று மூன்று நிமிஷம். விழுந்தது ஒன்றும் இல்லை. மூன்றாவது சுற்று முடிந்ததும் ஏழாவது வளைவில் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, இரண்டு நாற்காலிக்கு நடுவில் வேனைப் பின்னாலேயே கொண்டுவந்து சொருகினாள். ரிவர்ஸ் ஒரே தட்டில் விழுந்தது. சூப்பர்வைசர் இப்போது உள்ளே வந்து, பேனாவைக் கேட்பார் என்று பார்த்தால், அடுத்த மாதம் எந்த ஞாயிறு, அவருடைய பழைய வண்டியையும் சேர்த்துக்கொள்வோமா என்று கேட்கிறார். சங்கத்தைக் கலைக்கவில்லை.

இன்னொன்று, என் மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டை அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன், நீங்களும் வாயை அவிழ்க்காதீர்கள். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உறை மேல் 'அறிவுரை' என்று எழுதியிருக்கிறேன், அவள் பிரிக்க மாட்டாள்.

நாற்காலியை ஏற்றியாகிவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் வாசலில் ஹார்ன் கேட்கும். கட்டிலை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போடச் சொல்லுங்கள். அவள் ரிவர்ஸில்தான் உள்ளே வருவாளாம், சொல்லச் சொன்னாள். தூண் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இடித்தால் இரண்டு செகண்டு கூட்டிக்கொள்ளுங்கள், வேறு எதுவும் சொல்லாதீர்கள்.