ஓரகத்தியின் படமும் என் ஸ்டிக்கர் பொட்டும்

என் ஓரகத்தி சுமதி வைரத்தோடு வாங்கியபோது எனக்குப் பொறாமை வரவில்லை. கோரமங்களாவில் ஃப்ளாட் வாங்கியபோதும் வரவில்லை (வந்தது, இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது). அவள் ஓவியங்கள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் என் வயிற்றெரிச்சல் நிரந்தரமானது.

தோடு என்றால் சீட்டுக் கட்டியாவது நானும் ஒருநாள் வாங்கிவிடலாம். ஓவியத்துக்கு என்ன செய்ய? அவள் வீட்டு ஹாலில் மூன்று படங்கள். ஒன்றில் இருக்கும் பெண்ணுக்கு மூக்கே கிடையாது. இன்னொன்று முழுக்க பழுப்பு, ஓரமாக ஒரே ஒரு ஆடு. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஆட்டின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, தலையைச் சாய்த்து, "ம்ம்ம்" என்பார்கள். ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது மளிகைக் கடை காலண்டர். ரயில் போகும்போதெல்லாம் அது ஆடும். போட்டிக்கு நான் ஒரு நீர்வீழ்ச்சி போஸ்டர் வாங்கி மாட்டினேன். "நல்லதாப் போச்சு, குழாய்லதான் தண்ணி வரல, சுவத்துலயாவது வரட்டும்" என்றார் என் கணவர். இவர்தான் மூத்தவர், ஃபாக்டரியில் வேலை. சுமதியின் கணவர் இவருடைய தம்பி, சாஃப்ட்வேர். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்றெட்டோ ஒன்பதோ, செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். ஒரு சனிக்கிழமை சுமதி என்னைக் கன்னிங்ஹாம் ரோடு பக்கம் ஒரு கேலரிக்குக் கூட்டிப்போனாள்.

"கே.ஜி.எஃப்.காரர்க்கா. நம்ம தமிழ் ஆளு, பேரு இன்பராஜ். இதான் அவருக்கு முதல் ஷோ. நீங்களும் வந்து பாருங்களேன்" என்றாள். அந்த 'நீங்களும்' எனக்கு நன்றாகவே குத்தியது.

உள்ளே இருபது படங்கள் இருந்தன. எங்களைத் தவிர பார்க்க வந்த ஆள் யாருமில்லை. ஓவியர் டீ குடிக்கப் போயிருந்தார். மேஜையில் ஒரு பெண் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சுமதி ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். மழையில் நனைந்து நிற்கும் பஸ், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ஒரு பெண், அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் கொஞ்சம் புகை. கேலி செய்யலாம் என்று நானும் பார்த்தேன். எனக்கும் பிடித்துவிட்டது. அதுதான் கொடுமை.

"இதை எடுத்துக்கப் போறேன்க்கா. வித்த படத்துக்குக் கீழே, அந்தப் பேர் எழுதின சீட்டுல, சிவப்பா ஒரு புள்ளி ஒட்டுவாங்க. பாருங்க, பாவம், ஒண்ணுல கூட இல்ல. நாளையோட ஷோ முடியுது. எங்க வீட்டுக்காரரை ஃபோன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள்.

நானும் அந்த பஸ்ஸும் தனியாக நின்றோம். அவள் ஹாலுக்கு இது நான்காவது படம். அதன் முன்னாலும் நான்கு பேர் நின்று "ம்ம்ம்" என்பார்கள். நான் அவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதெல்லாம் நான் பட்டாணி அளவுக்கு சிவப்பு வெல்வெட் பொட்டு வைப்பேன். நெற்றியிலிருந்து அதை உரித்தேன். சீட்டில் ஒட்டினேன். (முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்குப் பரிசு வாங்கியவள்.)

சுமதி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். சீட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று. "அய்யோ! யாருக்கா? இப்பத்தானே போனேன்!"

"யாரோ வந்தாங்க, போனாங்க. நமக்குக் குடுப்பினை இல்லைன்னு நெனச்சுக்கோ" என்று அவள் தோளைத் தடவிக்கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் ஆறுதல் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து ஓவியர் வந்தார். ஒல்லியான ஆள், தேய்ந்த செருப்பு. புள்ளி கண்ணில் பட்டதும் அப்படியே நின்றார்.

"வித்துடுச்சா? யாரும்மா வாங்கினது?" என்று மேஜைப் பெண்ணைக் கேட்டார்.

"கொத்தில்லா சார், தெரியாது. நான் ஒட்டலையே" என்றாள் அவள், கன்னடமும் தமிழுமாக.

அது அவர் காதில் விழவே இல்லை. எங்களைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுகூட விக்கலேன்னா திங்கக்கிழமைலேர்ந்து மாமாவோட போர்டு எழுதற கடைக்கு வந்துடறேன்னு வீட்ல வாக்குக் குடுத்திருந்தேன். இனிமே போக வேணாம்."

படத்தை வாங்க வந்த ஒரே ஆளை நான் தோளைத் தடவி வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவர் புள்ளியை ஆசையாகத் தொட்டார். விரலை நிறுத்தினார். மறுபடியும் தொட்டார். "இது வெல்வெட்டாச்சே" என்றார். பிறகு நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். வருஷக்கணக்காக ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி என் நெற்றியில் வெளுத்துப்போன வட்டம் ஒன்று இருந்தது. ஓவியர் கண்ணுக்கு அது தப்புமா? நான் கர்ச்சீப்பை எடுத்து வியர்வை துடைப்பதுபோல் நெற்றியிலேயே வைத்துக்கொண்டேன். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், நீங்களா வாங்கறீங்க?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, நம்பிக்கை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

'சும்மா விளையாட்டுக்கு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லைங்க. இவ வாங்கக் கூடாதுன்னு ஒட்டினேன்" என்று வந்துவிட்டது.

சுமதி என்னையே பார்த்தாள். பிறகு சீட்டிலிருந்து பொட்டை உரித்து, என் கர்ச்சீப்பை விலக்கி, நெற்றியில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்து, "கோணலா இருக்கு" என்று சரிசெய்தாள். அப்புறம் ஓவியரிடம், "படம் எனக்குத்தான். உங்க புள்ளியை ஒட்டுங்க" என்றாள்.

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தேவலை. பெருந்தன்மையிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று ஆட்டோவில் வீடுவரை பொறாமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

இன்பராஜ் போர்டு எழுதப் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவருடைய அடுத்த ஷோவுக்கு இரண்டு வீட்டுக்கும் அழைப்பு வந்தது. ஹாலின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு படம். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண், பக்கத்தில் இருக்கும் எதையோ ஓரக்கண்ணால் பார்க்கிறாள். நெற்றியில் பொட்டில்லை, வெளுத்த வட்டம்தான் இருக்கிறது. என் கணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணு மட்டும் அச்சு அசலா நீயேதான்" என்றார்.

மானம் போகிறதே என்று, வாங்கிப் பரண்மேல் போட்டுவிடலாமென்று மறுநாளே அவரை அனுப்பினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். திறப்பு விழா அன்றே அதை சுமதி எடுத்துவிட்டாளாம்.

இப்போது அது அவள் ஹாலில் இருக்கிறது. ஆட்டை யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் இதன் முன்னால்தான் நிற்கிறார்கள். "இந்தக் கண்ணுல எவ்வளவு பொறாமை பாருங்க! யாரைப் பாத்து வரைஞ்சாரோ?" என்று யாராவது கேட்பார்கள். உடனே சமையலறையில் இருக்கும் எனக்கு சுமதியின் குரல் வரும்: "அக்கா, கொஞ்சம் இப்படி வந்து திரும்புங்களேன்."

முதல் சில வருஷம் முறைத்துக்கொண்டு வருவேன். இப்போதெல்லாம் அவள் கூப்பிடும்வரை காத்திருப்பதில்லை. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நானே போய்ப் படத்தின் பக்கத்தில் நின்று, முகத்தைச் சரியான கோணத்தில் திருப்பிக் காட்டிவிடுகிறேன்.